அறிவிக்கப்படாத தீவு

இல்லாத நாட்டுக்கு வரைபடம் போடுவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தப்புக் கண்டுபிடிக்க அந்த ஊர்க்காரன் எவனும் வந்து நிற்க மாட்டான். ஓவியக்காரி அந்த தைரியத்தில்தான் இருந்தாள். அவள் கணக்கில் பிசகில்லை, அந்த ஊர்க்காரன் எவனும் வரவில்லை. இந்த ஊரில் நிலப்பட ஒப்புதல் இயக்ககம் என்று ஒன்று இருப்பதைத்தான் மறந்துபோனாள்.

பறக்கும் முதலைகள் அரசாளும் ஒரு நாட்டைப் பற்றிய சிறுவர் நாவல் அது. புத்தகத்தின் தொடக்கத்தில் விரித்துப் பார்க்கிற மாதிரி ஒரு வரைபடம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். அவள் அதைக் கணினியில் வெக்டர் படமாகப் போட்டாள். புள்ளி புள்ளியாக வைத்து, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குக் கோட்டை வளைத்து இழுக்கிற வேலை. ஒரு கடற்கரையை இழுத்து முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். ஆனால் முடித்துவிட்டால் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும், சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு பிசிறடிக்காது. மலைத்தொடருக்காக அவள் ஒரே ஒரு மலையைத்தான் மனசு வைத்து வரைந்தாள். மற்றதெல்லாம் அதன் நகல்கள், கொஞ்சம் சாய்த்தும் கொஞ்சம் குட்டையாக்கியும் வைத்தவை. காடும் அப்படித்தான், ஒரு மரம் போட்டால் காடு வந்துவிடும். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

அவள் மேசைக்குப் பின்னால் அம்மா நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு நாடகம் பிடிக்காது, பாட்டுப் பிடிக்காது, செய்தி மட்டும்தான். காரணம் தம்பி. அவன் கடற்காவல் படையில் ரோந்துப் படகில் இருந்தான். கடலில் ஒரு குட்டித் தீவு, அது யாருடையது என்று இந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் தகராறு. செய்தியில் அதை ‘நமது தீவு’ என்பார்கள். பக்கத்து நாட்டுச் செய்தியிலும் ‘நமது தீவு’ என்றுதான் சொல்கிறார்களாம். தம்பிக்கு விடுமுறை கிடைக்கும், பையைக் கட்டுவான், யாராவது ஒரு அமைச்சர் எதையாவது பேசித் தொலைப்பார், விடுமுறை ரத்தாகும்.

"எப்படிடா இருக்கு அந்தத் தீவு?" என்று ஓவியக்காரி ஒருமுறை போனில் கேட்டாள்.

"தெரியலக்கா. எங்க பார்த்தாலும் தண்ணிதான். பனி ஜாஸ்தி, அதான் தெரியலன்னு சொல்றாங்க."

"வெயில் நாள்ல?"

"வெயில் நாள்ல கண்ணு கூசுதாம்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எந்த வரைபடத்தை அச்சடிப்பதானாலும் இயக்ககத்தின் முத்திரை வேண்டும் என்பது சட்டம். பதிப்பாளர் சொன்னார்: "சும்மா சம்பிரதாயம்மா. போய் ஒரு முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க, அச்சகத்துல தாள் காத்துக்கிட்டு இருக்கு."

இயக்ககத்தில் ஒரு நீளமான கூடம், அதில் நீளமான பெஞ்சுகள், உயரத்தில் ஒரு தொலைக்காட்சி. அதிலும் நமது தீவுதான் ஓடிக்கொண்டிருந்தது. பிரிவு அலுவலர் ஒரு அம்மாள், யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர். ஓவியக்காரி பென்டிரைவை நீட்டினாள்.

"இதெல்லாம் வாங்கறதில்லை. தாள்ல கொண்டு வாங்க. அதைக் கண்ணாடியில வெச்சு நாங்க ஸ்கேன் எடுப்போம். அதுதான் ஏற்புப் பிரதி."

"தாள்ல எடுத்து மறுபடி ஸ்கேன் பண்ணினா கோடு கெட்டுப்போகுமேங்க. கோப்பையே எடுத்துக்கிட்டா எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது."

"அதான் சிக்கலே. எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாதுன்னா அதோட உண்மையான அளவு எதுன்னு நாங்க எப்படி நம்பறது? எங்க படம் கொஞ்சம் பெரிசாக்கினாலே உடைஞ்சிடும். உடையறதைத்தான் நம்ப முடியும்."

அவள் தாளில் அச்செடுத்துக்கொண்டு போனாள்.

"இந்த நாடு எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லைங்க. கற்பனை."

"இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா செல்லாது. அந்த நாடு எழுதிக் கொடுக்கணும்."

இதைப் பேசிப் பேசி, கடைசியில் நாட்டின் சார்பில் அவளே ஒப்பமிடலாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். அவளும் முதலை அரசரின் பொருட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த ஆட்சேபம் படத்தின் மூலையில் இருந்த அளவைப் பற்றியது. ஒரு விரற்கடை தூரம் மூன்று நாள் நடை என்று அவள் போட்டிருந்தாள். யாருடைய நடை என்று கேட்டார்கள். சாதாரண மனிதருடைய நடை என்றாள். அப்படி ஒரு அலகு கிடையாது, அரசு ஊழியரின் நடை என்று போடுங்கள் என்றார்கள். போட்டாள். அதனால் அந்த நாடு இருந்ததைவிட மிகச் சிறியதாகிவிட்டது.

பிறகு மலைகளுக்கு வந்தார்கள்.

"எல்லா மலையும் ஒரே மாதிரி இருக்கே?"

"ஒரு மலையை வரைஞ்சு நகல் எடுத்ததுங்க."

பிரிவு அலுவலர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "மூல மலை எது?"

அவள் காட்டினாள்.

"அப்ப மத்ததெல்லாம் நகல். நகலுக்குச் சான்றொப்பம் இல்லாம நான் எப்படி வாங்கறது?"

ஓவியக்காரி வீட்டுக்குப் போய் ஒவ்வொரு மலையின் அடியிலும் ‘உண்மை நகல்’ என்று சின்ன எழுத்தில் அடித்தாள். காட்டை அவர்கள் கவனிக்கவில்லையே என்று கடவுளுக்கு நன்றி சொன்னாள். பதிப்பாளர் தினம் போன் செய்தார். பின்னால் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்து நாட்டுக் கப்பல் ஒன்று நமது தீவை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனதாகச் செய்தி வாசிப்பவர் கத்திக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகு முத்திரை கிடைத்துவிடும் என்றுதான் அவள் போனாள். போன இடத்தில் பிரிவு அலுவலர் ஏற்புப் பிரதியைத் திருப்பி வைத்தார். படத்தின் வலது கீழ் மூலையில், கடலில், சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"இந்தத் தீவை ஏன் மறைச்சீங்க?"

"எந்தத் தீவுங்க?"

"பேரும் போடலை, விவரக் குறிப்புலயும் சொல்லலை. அறிவிக்கப்படாத தீவு. இது சின்ன விஷயம் இல்லம்மா. நீங்க இயக்குநரைப் பார்க்கணும்."

வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. கடித்து வைத்த பிஸ்கட் துண்டு மாதிரி ஒரு பக்கம் குழிந்து, இடது பக்கம் ஒரு சின்ன வால். இதை நான் போடவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். போட்ட புள்ளி ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது, அதுதான் அவள் தொழில்.

இயக்குநரை அலுவலகத்தில் எல்லாரும் அளவுகோல் என்று சொல்வார்கள். கையில் எப்போதும் ஒரு எஃகு அளவுகோல் வைத்திருப்பார். பேசும்போது அதை மேசையில் தட்டுவார், பேசாதபோது முதுகு சொறிவார். அவருக்குப் பின்னால் சுவர் நிறைய வரைபடங்கள் மாட்டியிருந்தன. நடுநாயகமாக நாட்டின் படம்.

ஓவியக்காரி அந்தப் படத்தைப் பார்த்தாள். வலது கீழ் மூலையில், கடலில், ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு பக்கம் குழிந்திருந்தது. இடது பக்கம் ஒரு சின்ன வால். பக்கத்தில் தங்க எழுத்தில் ‘நமது தீவு’ என்று எழுதிக் கொடி வரைந்திருந்தார்கள்.

அடுத்த படத்தைப் பார்த்தாள். அது குடிநீர்க் குழாய்ப் படம், அதே மூலையில் அதே தீவு. ரயில்பாதைப் படத்திலும் அதே தீவு இருந்தது. விலங்குக் காட்சிசாலையின் படத்தில் அது கரடி இருக்கும் பள்ளத்துக்குள் விழுந்திருந்தது. அந்தக் காட்சிசாலைக்கு அவள் போயிருக்கிறாள். பள்ளத்தின் நடுவில் எதற்கென்று தெரியாமல் ஒரு சிமெண்டு மேடு கட்டியிருப்பார்கள். கரடி அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கும்.

"சார்," என்றாள். "சார், அது தீவு இல்லை. உங்க ஸ்கேனர் கண்ணாடியில ஒட்டியிருக்கற அழுக்கு. எல்லாப் படத்துலயும் இருக்கு பாருங்க. அங்க கடல்ல எதுவுமே கிடையாது சார். என் தம்பி அங்கதான் இருக்கான். வெறும் தண்ணிதான்னு சொல்றான்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பிச் சுவரைக்கூடப் பார்க்காமல், அளவுகோலை மேசையில் மெதுவாக வைத்தார்.

"அழுக்குன்னே வெச்சுக்குவோம்மா. நான் வாதத்துக்குச் சொல்றேன். அரசாங்கக் கண்ணாடியில இத்தனை வருஷமா இருக்கற அழுக்கு, அதை அப்படி லேசா சொல்லிட முடியுமா? அதுக்கு ஒரு மேம்பாட்டு ஆணையம் இருக்கு. அதுக்கு ஒரு தலைவர் இருக்காரு, என் மச்சான்தான். அங்க விளையற தேங்காய்க்கு வருஷா வருஷம் கொள்முதல் விலை அறிவிக்கிறோம். நாம படத்துல போட்டதைப் பார்த்துத்தான் பக்கத்து நாட்டுக்காரன் அங்க ஏதோ இருக்குன்னு உரிமை கொண்டாட வந்தான். எதிரியே ஒத்துக்கிட்ட ஒரு தீவை நம்ம ஆளுங்களே இல்லைங்கறது எவ்வளவு பெரிய துரோகம்? உங்க தம்பி அங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் என்ன அழுக்குக்காகவா நிக்கிறான்? அக்காவா இருந்துக்கிட்டு அவனைப் பத்தி இப்படிப் பேசலாமா?"

அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உங்க படத்துல அந்தத் தீவுக்கு ஒரு பேரு வெச்சுக் கொண்டு வாங்க. முத்திரை போட்டுடறேன்," என்றார் அளவுகோல். பிறகு முதுகு சொறிந்துகொண்டார்.

மறுநாள் அவள் பெயர் வைக்காத பழைய படத்தையே எடுத்துக்கொண்டு ஸ்கேனர் அறைக்குப் போனாள். மனதில் ஒரே நினைப்புதான். தீவு படத்தில் இருப்பதால்தான் தம்பி கடலில் இருக்கிறான். படத்தில் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவான். இதில் தவறு எதுவும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஸ்கேனரைக் கவனிக்கும் ஊழியரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கண்ணாடியைத் துடைக்கவே மாட்டீங்களா?"

"துடைக்கறது பராமரிப்புப் பிரிவும்மா. நான் துணி எடுத்தா எனக்கு மெமோ வரும். அவங்க துடைக்கணும்னா கண்ணாடி அழுக்கா இருக்குன்னு நான் எழுதிக் கொடுக்கணும். அழுக்கா இருக்குன்னு எழுதினா, இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு எனக்கு மெமோ வரும்."

"தாளை நானே வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கோங்க."

அவர் தேநீர்ப் பக்கம் திரும்பினார். அவள் மூடியைத் தூக்கினாள். மூலையில் அது இருந்தது. என்றைக்கோ சிந்திய பசை, காய்ந்து கறுத்துப் போயிருந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். ‘டக்’ என்று பெயர்ந்து வந்தது. இரண்டு நாடுகள் அடித்துக்கொண்ட நிலப்பரப்பு மொத்தமும் அவள் கட்டைவிரல் நகத்துக்குள் போய்விட்டது. கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டு, தாளை வைத்து மூடியைச் சாத்தினாள்.

அவளுடைய கெட்ட நேரம், நாட்டின் படத்தை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் நாளும் அன்றைக்குத்தான். அவள் படத்தை எடுத்த கையோடு கண்ணாடிக்காரர் நாட்டின் மூலப் படத்தை வைத்தார். அவள் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

"தீவைக் காணோம்! நேற்று வரை இருந்த நமது தீவை இன்று காணோம்!"

செய்தி வாசிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரி கடத்திவிட்டான் என்றார் ஒரு அமைச்சர். நாங்கள் எடுக்கவில்லை, ஆனால் தொலைந்தது எங்கள் தீவு என்பதால் உடனே திருப்பித் தர வேண்டும் என்றார் பக்கத்து நாட்டு அமைச்சர். அளவுகோலும் வந்தார். "எங்கள் படம் பொய் சொல்லாது," என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். எல்லாருடைய விடுமுறையும் ரத்து, இருக்கிற படகுகள் அத்தனையும் அந்தப் பக்கம் போகின்றன என்று அறிவித்தார்கள்.

அம்மா எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அவனுக்குப் போன் போடு," என்றாள். போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "மறுபடி போடு," என்றாள் அம்மா. மறுபடி போட்டாள். அம்மா அழவில்லை, திட்டவில்லை, ‘மறுபடி போடு’ என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓவியக்காரியின் கைப்பையில் கைக்குட்டை இருந்தது. அவளுக்கு அதைத் திறந்து பார்க்கக்கூடத் துணிவு வரவில்லை.

காலையில் அந்தப் பசைத் துண்டைக் கட்டைவிரலில் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு புறப்பட்டாள். இயக்ககத்து வாசலில் துப்பாக்கியோடு நின்றார்கள். காவலர் அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"தீவு சம்பந்தமா ஏதாவது உள்ள கொண்டு போறீங்களா?"

"இல்லைங்க."

"விரல்ல என்ன?"

"நகம் பேந்துடுச்சு."

காவலர் விரலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "பார்த்து நடந்துக்கக் கூடாதா," என்று விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரர் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் மேசையிலிருந்த பசை பாட்டிலைத் திறந்து, மூடியைத் தூக்கி, மூலையில் ஒரு சொட்டு விட்டாள். பிளாஸ்திரியைப் பிரித்தாள். தீவை வைத்து அழுத்தினாள். நிமிர்ந்தபோது கண்ணாடிக்காரர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எதையும் பார்க்கலம்மா," என்றார். "பார்க்கறது என் வேலை இல்லை."

மதியத்துக்குள் தீவு மீட்கப்பட்டது. அவசரத்தில் அவள் அதைத் திருப்பி ஒட்டிவிட்டிருந்தாள். இடது பக்கம் இருந்த வால் இப்போது வலது பக்கம் இருந்தது. எதிரி தீவைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பயந்து ஓடிவிட்டான் என்று அளவுகோல் விளக்கம் கொடுத்தார். தெருவில் இனிப்பு வழங்கினார்கள். மீட்பு நடவடிக்கையில் ஒரு வீரர் உயிரிழந்தார் என்று கீழே ஓடிய வரியில் போட்டார்கள். அம்மாவும் அவளும் அந்த வரி மறுபடி வருகிறவரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுபடி வந்தபோது அதில் வீரரின் படை எண் இருந்தது. தம்பியின் எண் இல்லை. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலை நாட்டையும் அதே கையோடு மறுபடி ஸ்கேன் எடுத்து முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அரசு ஊழியரின் நடை, உண்மை நகல் மலைகள், மூலையில் ஒரு தீவு, எல்லாம் சரியாக இருந்தன. ஏற்புப் பிரதியில் இருந்தபடியே தன் கோப்பிலும் அவள் தீவை வரைந்து சேர்த்தாள், அதற்குப் பெயர் வைக்க மட்டும் மனம் வரவில்லை. வெற்றிக் களிப்பில் அவர்களும் கேட்கவில்லை.

தம்பி ஒரு பதக்கத்தோடு வந்தான். இளைத்திருந்தான். அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் அக்காவின் மேசைக்கு வந்து, திரையில் இருந்த முதலை நாட்டைப் பார்த்தான். மூலைக்கு வந்ததும் அவன் விரல் நின்றது.

"இதையும் போட்டிருக்கியாக்கா?"

இனி மறைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னாள், கண்ணாடி, பசை, நகம், பிளாஸ்திரி. "அங்க எதுவும் இல்லைடா. நீயே சொன்னியே, வெறும் தண்ணின்னு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இருக்குக்கா," என்றான்.

"நீ பார்த்தியா?"

"படகுல எனக்கு மேல் படுக்கையில படுத்திருந்தவன், பாட்டுப் பாடிக்கிட்டே இருப்பான்னு சொல்வேனே, அவன்தான் போயிட்டான். கடல் கொந்தளிப்பா இருந்துச்சு, தீவைத் தேடி இருட்டுல ஓட்டினோம், ஒரு திருப்பத்துல தவறி விழுந்துட்டான். கிடைக்கவே இல்லை. அவங்க அம்மாகிட்ட, தீவை மீட்டு அங்கயே மரத்தடியில மரியாதையோட அடக்கம் பண்ணிட்டோம்னு சொல்லியிருக்காங்க. நான்தான்க்கா போய்ச் சொன்னேன். என்னைத்தான் அனுப்பினாங்க." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க என்னை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. மரம் பெரிசான்னு."

அவன் முகத்தில் பொய் சொல்கிறவனின் கூச்சம் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அவள் அழுதாள், சத்தம் வராமல்.

"இந்தப் புத்தகம் வந்ததும் ஒண்ணு அவங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும்," என்றான் தம்பி. "ஒரு மரம் போடுக்கா."

முத்திரை போட்ட படத்தில் ஒரு கோடுகூட மாற்றக் கூடாது என்பது விதி. அவள் தீவைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள், திரை முழுக்கத் தீவு வரும்வரை. காட்டிலிருந்து ஒரு மரத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். பார்த்தாள். அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு புள்ளியை வைத்துத் தொடங்கினாள்.

"என்ன மரம்டா?"

"ஏதாவது. நிழல் நல்லா விழற மாதிரி போடு."